தலை, வால், மேக்குப் பாறை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே காலை ஐந்தரை மணிக்குப் பூக்கடைகள் திறந்திருந்தன, டீக்கடைகள் திறந்திருந்தன, எங்கள் வேன் மட்டும் வந்திருக்கவில்லை. முந்தைய நாள் வரை ஐப்பசி மழை. சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. பதினான்கு பேர் முதுகுப் பைகளோடு வரிசையாக நிற்பதைப் பார்த்த பூக்காரம்மா, "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார். "கோயில் இல்லம்மா, சும்மா மலைக்கு" என்றதும், "சும்மாவா?" என்று நம்பாமல் பார்த்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து மலையேறும் குழு இது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலைக்கு வந்த பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே தரையைவிட உயரமாக இருப்பவை தென்னையும் கோபுரமும்தான். அதனால் மலை என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் வாய் பிளக்கத்தான் செய்கிறது.

குழுவை நடத்துபவர் ரபீக் அண்ணன். பழனி சாலையில் டயர் கடை வைத்திருக்கிறார். அவருடைய விதிகள் மூன்று. ஒன்று: கொண்டுபோன குப்பை திரும்பி வர வேண்டும். இரண்டு: வரிசைக்கு முன்னால் ஒரு 'தலை', கடைசியில் ஒரு 'வால்'. தலையைத் தாண்டி யாரும் போகக் கூடாது, வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. நடக்க முடியாமல் ஒருவர் திரும்பினால் வாலும் அவரோடு திரும்பிவிட வேண்டும். எவரையும் தனியாக இறங்க விடுவதில்லை. மூன்று: காலை பத்து மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பல். அதற்குமேல் பாறை சுடும், இறங்கும் கால் தளரும். உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும் சரி, ரபீக் அண்ணனிடம் பேச்சு எடுபடாது.

அன்று முதல் முறையாக நான் வால். கழுத்தில் விசில். பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், கட்டுத்துணி, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், கயிறு, ஒரு ஜோடி செருப்பு. செருப்பு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. மலையில் யாருடைய ஷூவாவது வாய் பிளக்கும் என்பது என் கணிப்பு. இன்றுவரை யாருடையதும் பிளக்கவில்லை.

வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்வி அக்கா. சின்னாளபட்டியில் கைத்தறி நெய்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ.

"இன்னைக்கு நீயா பாப்பா வாலு?"

"ஆமாக்கா."

"அப்ப நமக்குள்ள நல்ல சோடி. நாந்தான் எப்பவும் கடைசி."

நாங்கள் போய்க்கொண்டிருந்தது சிறுமலையின் மேற்கு விளிம்பில் இருக்கும் ஒரு மொட்டைப் பாறைக்கு. குழுவில் அதற்கு மேக்குப் பாறை என்று பெயர். செல்வி அக்கா இதற்குமுன் இரண்டு முறை அதற்குக் கிளம்பி இரண்டு முறையும் பாதியில் திரும்பியவர். முதல் முறை முழங்கால், இரண்டாம் முறை பத்து மணி.

"என் தறியில உக்காந்தா நேரா அந்த மலைதான். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அது என்னையப் பார்த்துக்கிட்டே இருக்கு. ஒரு தடவை நான் அங்க நின்னு என் வீட்டைப் பார்க்கணும். அம்புட்டுத்தான்" என்றார். இந்த முறையும் முடியாவிட்டால் இனி வருவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாராம்.

முன் இருக்கையிலிருந்து கதிர்வேலு திரும்பினார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர். "ஏனுங்க அக்கா, பாறையை இந்த வாட்டியாவது உங்க பேருக்குப் பத்திரம் பண்ணிக் குடுத்தர்றாங்களாமா?"

"நீ தக்காளிக்கு வெலை சொல்றதை மட்டும் பாருப்பா."

ஊரை விட்டதும் சோதனைச் சாவடி. வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பார்த்து, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைத் துழாவிவிட்டு அனுப்பினார்கள். பிறகு கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றிலும் திண்டுக்கல் கொஞ்சம் சிறிதாகிறது. முதலில் மலைக்கோட்டை ஒரு பாறையாகத் தெரிகிறது, பிறகு ஒரு கூழாங்கல்லாக, பிறகு பனியில் இல்லாமலே போகிறது. ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் முடிவில் காதுக்குள் அடைத்துக்கொண்டு சிறுமலையில் இறங்கினோம். வேன் வாடகை ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய். டீ பதினைந்து. மலைவாழைப்பழம் ஒன்று பத்து ரூபாய்; அளவில் விரல்தான், ஆனால் உரித்ததும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் வாசனை.

ஏழு மணிக்கு நடை தொடங்கியது. முதல் பகுதி தோட்டங்கள் வழியே. சவுக்கும் பலாவும் எலுமிச்சையும் அடுத்தடுத்து நிற்க, உயர்ந்த மரங்களில் மிளகுக்கொடி பச்சைச் சட்டை மாட்டியதுபோல ஏறியிருந்தது. கீழே காப்பிச் செடிகள். எதிரே மூட்டை சுமந்து மட்டக்குதிரைகள் வந்தன. நாங்கள் ஒதுங்கி நின்றோம், அவை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அதன் பிறகு வேலி முடிந்து காடு. வெளிச்சம் சட்டென்று குறைந்தது, பேச்சும் தானாகக் குறைந்தது.

வரிசை நீண்டது. முன்னால் போகிறவர்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், நானும் செல்வி அக்காவும் போய்ச் சேர்வோம், "வந்தாச்சா? சரி, கிளம்புவோம்" என்று எழுந்துவிடுவார்கள். இது நான்கைந்து முறை நடந்தது. அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. அவர் அடிக்கடி என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

காட்டின் நடுவே ஒரு வளைவில் நின்று, "நீ செத்த நேரம் முன்னாடி போய் நில்லு தாயி, நான் ஒதுங்கணும்" என்றார். நான் வளைவைத் தாண்டி ஒரு மரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல்:

"தாயி, நான் வாரேன்!"

"சரிக்கா, வாங்க!" என்றேன்.

நின்றேன். ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. "அக்கா!" என்றேன். பதில் இல்லை. வளைவுக்கு இறங்கிப் பார்த்தேன். பாதை காலியாக இருந்தது.

விசிலை மூன்று முறை ஊதினேன். ஆளைக் காணோம் என்பதற்கு அதுதான் அடையாளம். மேலேயிருந்து ரபீக் அண்ணனும் கதிர்வேலுவும் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார்கள். "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"வாரேன்னு சொன்னாங்கண்ணே."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்லக் கூடாதென்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள் எல்லோரும். நான் கேட்டது 'பின்னால் வருகிறேன்' என்பதை. அக்கா சொன்னது 'விடைபெறுகிறேன்' என்பதை.

வெற்றுச் சாக்குகளோடு ஏறி வந்த ஒரு குதிரைக்காரர் உறுதிசெய்தார். "ஆமா, ஒரு அம்மா ஒத்தையில எறங்குறாக. வேனுக்குப் போறாகளாம். தோட்டத்து வேலிக்கிட்டக் காட்டுமாடு நிக்கிதுன்னு சொன்னேன், சரி சரின்னுட்டு நடக்குறாக."

நாங்கள் மூவரும் ஓடினோம். ஈர இலைமேல் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, விழாமல் விழுந்துகொண்டிருந்தோம். காடு முடியும் இடத்தில், ஒரு கல்லின்மேல், கைகளை மடியில் கோத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். வேலிக்கு அந்தப்புறம் காப்பிச் செடிகளுக்கு மேலே ஒரு கறுத்த முதுகு. அதன் கால்களில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நிறம். எங்கள் வேனில் பாதி இருக்கும். அது மேய்ந்துகொண்டிருந்தது. அக்கா அசையாமல் எங்களைப் பார்த்தார்.

அடுத்து நடந்த சண்டை முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"ஏக்கா, சொல்லாம வரலாமா?" என்றார் ரபீக் அண்ணன்.

"சொல்லிட்டுத்தான வந்தேன். வாரேன்னேன். சரிக்கா வாங்கன்னு இந்தப் புள்ளையும் சொல்லுச்சு."

"வாரேன்னா வரணும்ல!"

"காலங்காத்தால மலையில நின்னுக்கிட்டு, போறேன்னா சொல்லுவாக? நல்லாருக்கு நீங்க பேசுறது."

கதிர்வேலு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஏன்க்கா எறங்குனீங்க?" என்று நான் கேட்டேன்.

"எப்படியும் பத்து மணி ஆயிரும். நான் திரும்புனா நீயும் திரும்பணும். எனக்காக நீ எதுக்கு? நான் பாட்டுக்கு எறங்கிட்டா நீ மேல போயிருவேல்ல." பிறகு ரபீக் அண்ணன் பக்கம் திரும்பினார். கிசுகிசுப்பு என்றாலும் சூடு குறையவில்லை. "நீங்க எல்லாரும் உக்காந்து மூச்சு வாங்குறீக. நான் வந்து சேர்ந்ததும் எந்திரிச்சு நடக்குறீக. அப்ப நான் எப்பத்தான் உக்கார்றது?"

காட்டுமாடு ஒரு கிளையை ஒடித்தது. எங்கள் ஆலையில் மிக மெதுவாக ஓடும் இயந்திரத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றின் வேகத்தையும் அமைக்கிறோம். அதைத் தினமும் செய்கிற நான், அந்தக் காலை முழுவதும் அக்காவின் பின்னால் நடந்தும் இதை யோசித்திருக்கவில்லை.

ரபீக் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை. மற்றவர்கள் மேலே, காட்டுக்குள்ளேயே காத்திருந்தார்கள்.

"எந்திரிங்கக்கா. இன்னைக்கு நீங்கதான் தலை."

"எனக்கு வழி தெரியாதே."

"வழி நான் பின்னாலிருந்து சொல்றேன். வேகம் நீங்க சொல்லுங்க."

"முடியலைன்னா?"

"பத்து மணிக்கு எல்லாரும் சேர்ந்து திரும்புவோம். பதினாலு பேரும். அதுல மாத்தம் கெடையாது."

அக்கா அதை ஒரு நொடி எடை போட்டார். பிறகு கையூன்றி எழுந்தார்.

அதன்பின் நடந்த நடையைத்தான் நான் ஊருக்குச் சொல்ல விரும்புகிறேன். காத்திருந்தவர்களிடம் அண்ணன் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டு, அக்கா கடந்த பிறகு ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அக்கா நின்றால் பதினான்கு பேரும் நின்றோம். அக்கா உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்தோம். ஓட்டமாக ஏறிப் பழகியவர்கள் நிற்கத் தெரியாமல் முதலில் தவித்தார்கள். பிறகு கண் திறந்துகொண்டது. மரப்பட்டையில் கரடி நகம் கீறிய தழும்பு, பாறை வெடிப்பில் கொசுவைவிடச் சிறிய மஞ்சள் பூ, எங்கோ மலையணில் ஒன்றின் நீண்ட அதட்டல். இந்தப் பாதையில் நான்காவது முறை வரும் ஒருவர், "இதெல்லாம் எப்ப வச்சாங்க?" என்று கேட்டார்.

காட்டுக்கு மேலே, எலுமிச்சை வாசம் வீசும் போதைப்புல் வெளி. அதன் முடிவில் இடுப்புயரப் பாறைப்படி. செல்வி அக்காவை முதல் முறை திருப்பியனுப்பியது அதுதான். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கதிர்வேலு கீழே நின்று, "கையக் குடுங்கக்கா" என்றார்.

"வேணாம். நீ தள்ளி நில்லு. விழுந்தா உன் மேலதான் விழுவேன்."

"அதுக்குத்தானுங்க நிக்கறேன். நசுங்குன தக்காளி நெறையப் பாத்திருக்கறனுங்க, எனக்கு அது பழக்கந்தான்."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடியே படிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார், கைகளை ஊன்றி அதன்மேல் உட்கார்ந்தார், கால்களைத் தூக்கி மேலே வைத்தார், எழுந்தார். தறிப்பலகையில் ஏறி உட்காரும் முறை அதுவாம். முழங்காலுக்கு வேலையே இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் அதே முறையில் ஏறினார்கள். நானும்தான்.

கடைசிச் சரிவில் மேகம் வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து புகைபோல ஏறி, முன்னால் போகிறவரின் பையை மறைத்தது, பிறகு என் ஷூவையே மறைத்தது. அண்ணன் பின்னாலிருந்து, "நேரா... கொஞ்சம் சோத்தாங்கை... நேரா... நில்லுங்க!" என்றார்.

மேக்குப் பாறை. மணி பத்தாகப் பத்து நிமிடம்.

அக்கா முதலில் நின்றார். நாங்கள் ஒவ்வொருவராக அவருக்கு இருபுறமும் போய் நின்றோம். எதிரே முழு வெள்ளை. சின்னாளபட்டி இல்லை, மதுரைச் சாலை இல்லை, சமவெளி என்று ஒன்று இருந்ததற்கான தடயமே இல்லை. கதிர்வேலு துண்டால் முகத்தில் படிந்த ஈரத்தைத் துடைத்தார். ரபீக் அண்ணன் மேகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் முதல் முறையாகத் தன் விதிமேல் அவருக்கே கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாறையில் அலைபேசிக்கு நன்றாக சிக்னல் கிடைக்கும். அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து அதை எடுத்துக் கணவரை அழைத்தார்.

"நாந்தான். தறியை விட்டுட்டு வெளிய வாங்க... வாங்கன்னா வாங்க. வந்துட்டீகளா? மலை தெரியுதா?... மேகமா இருக்கா?"

ஈரக்காற்று அவர் சேலைத் தலைப்பை இழுத்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மேகத்துக்குள்ளதான் நான் நிக்கிறேன்... இல்லங்க, இங்கிட்டும் ஒண்ணும் தெரியல. நீங்களும் தெரியல. செத்த நேரம் அங்கனயே நில்லுங்க."

அலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், பேசவும் செய்யாமல், அப்படியே நின்றார். பத்து மணிக்கு ரபீக் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

ஊருக்குப் போகும்போது அம்மா கேட்பார், இவ்வளவு தூரம் ஏறிப் போய் என்னதான் பார்த்தீர்கள் என்று. எங்கள் ஊர் வரப்பில் நின்றால் நாலு திசையும் அடிவானம் வரை தெரியும்; அங்கே யாரும் யாருக்கும் மறைய முடியாது. அம்மாவுக்கு இதை விளக்குவது கஷ்டம். ஒரு வெள்ளைச் சுவரை எதிரே வைத்துக்கொண்டு பதினான்கு பேர் நின்றோம், இறங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை என்று அப்படியே சொல்லிவிடப் போகிறேன்.