கவிழ்த்து வைத்த குடம்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கிளினிக்கில் ஓட்டிசம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தை எனக்குப் பழகுவதற்குள் வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் கவிழ்ந்துவிட்டது.

ரப்பர் மலையில் நான் பால் எடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போவேன். மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றியதும், மழைத்தண்ணி தேங்காமல் இருக்கச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்போம். அவள் அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். வேறு விளையாட்டே வேண்டாம். டம்ளர், வாளி, கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி எதுவும் நிமிர்ந்து இருக்கக்கூடாது. “ரெண்டு அடி போட்டா சரியாயிரும்” என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் புத்தி சொன்னவர்களுக்கு நான் தேத்தண்ணி கொடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

தங்கச்சியை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் யட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். வாசலில் நிறைகுடம் வைத்திருந்தோம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் தேங்காயை எடுத்து ஓரமாக வைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்தாள். என் அம்மா தலையில் கைவைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மாவும் ரப்பர் பால் வெட்டுகிறவர்தான். குனிந்து குடத்தைப் பார்த்தார். “ஊத்துனா கவுக்கத்தானே வேணும். நல்லா பழக்கியிருக்கீங்க” என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

கல்யாணம் முடிந்துவிட்டது. நாங்கள் அவர்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்தால், கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளரையெல்லாம் தங்கச்சியின் மாமியார் நிமிர்த்தி அடுக்கி வைத்துவிடுவார்.

“புள்ள வந்தா அதுக்கு வேல வேணாமா?”