வால் கரையாத தலைப்பிரட்டைகள்

விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின், திண்டுக்கல்லின் புறத்தே ஒரு கண்மாயின் அருகில் குடியிருக்கிறேன். மேட்டிலுள்ள தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர் அக்கண்மாயில் இறங்குகிறது. அந்த நீரைத்தான் ஊராட்சி குழாய்வழிக் கொணர்ந்து, ஆடுமாடுகள் குடிக்கும் தொட்டியை நிரப்புகிறது.

அடுத்த வீட்டு அம்மையாரின் வெள்ளாடுகளுக்கும் அதே தொட்டிதான். சென்ற ஈற்றில் பிறந்த குட்டிகளின் தொண்டையில் எலுமிச்சை அளவு வீக்கம். உடலில் மயிரே இல்லை. ஒன்றும் பிழைக்கவில்லை. "இவ கைராசி அப்படி" என்றான் அவருடைய கொழுந்தன். எஞ்சிய ஒரே சினையாட்டையும் விற்றுவிடும்படி நெருக்கினான்.

அம்மையார் என்னிடம் வந்து கேட்டார்: "ஆட்டுக்குமா சார் தைராய்டு வரும்? நான்ல மாத்திரை முழுங்குறேன்?"

வரும். அச்சுரப்பி நமக்கும் ஆட்டுக்கும் தவளைக்கும் பொது. சில மாசுகள் அது அயோடினை ஈர்க்கவொட்டாமல் தடுக்கின்றன; சுரப்பி வீங்குகிறது, சுரப்பு குன்றுகிறது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதும் வால் கரைவதும் அச்சுரப்பின் ஏவலால்தான். ஆகவே ஒரே முட்டைத்திரளைப் பிரித்து, மழைநீரில் ஒரு வாளியும் தொட்டிநீரில் ஒரு வாளியுமாக வளர்த்தேன். மழைநீரில் வளர்ந்தவை கால்கொண்டு வெளியேறத் தவித்தன. மற்றவை கொழுத்தன, ஆயினும் தலைப்பிரட்டைகளாகவே நின்றுவிட்டன.

இரு வாளிகளையும் நானும் அம்மையாரும் கிராமசபைக்குச் சுமந்து சென்றோம். ஆலையின் மேலாளர் நகைத்தார்.

"என்ன சார், தவளைக்கு வக்கீலா வந்திருக்கீங்களா?"

"ஆம். கட்சிக்காரர்களும் வந்துள்ளனர்."

அப்போது மழைநீர் வாளியிலிருந்து ஒரு குட்டித்தவளை துள்ளி அவர் மடியில் அமர்ந்தது. "ஏலே, சாட்சி கூண்டுல ஏறிருச்சுடா!" என்று பின்வரிசையில் எவரோ கூவ, பந்தலே அதிர்ந்தது.

மேலாளர் சினந்தார். "ஒரு வாளியக் காட்டி ஆலைய மூடச் சொல்லுவீங்களா?"

"ஒரு வாளி தீர்ப்பாகாது, அறிவேன். ஆனால் ஐயம் எழுந்தபின் சோதிக்க மறுப்பது அறமாகாது. நீரைச் சோதித்து முடிவை ஊர்முன் வைக்கும்வரை இந்நீர் தொட்டியில் வேண்டா."

"அடுத்த கூட்டத்துல பாப்போம்" என்று ஊராட்சித் தலைவர் எழுந்தார்.

"அதுக்குள்ள என் ஆடு குட்டி போட்டுரும்" என்றார் அம்மையார். நேரே தொட்டிக்கு நடந்தார். அடித்துளையை அடைத்திருந்த துணியைப் பற்றி இழுத்தார். நீர் முழுதும் மண்ணில் பாய்ந்தது. தடுக்க ஓடிவந்த கொழுந்தனை ஏறிட்டு நோக்கினார்.

"என் கைராசி பாத்தியா? தொட்டி காலி!"

மறுநாள் ஊராட்சி ஆட்கள் புதுத்துணி அடைத்துத் தொட்டியை நிரப்பினர். அதை நான் பிடுங்கினேன். பட்டப்பகலில், அனைவரும் காண, இந்த முதிய கையால். சினையாடு இப்போது என் வீட்டு மழைநீர்த் தொட்டியில் குடிக்கிறது. விற்கும் பேச்சை அம்மையார் காதில் வாங்குவதில்லை.

பிடுங்கிய துணிகள் என் மேசைமேல் கிடக்கின்றன. வேண்டுவோர் வந்து கேட்கலாம். வெறுங்கையோடு வர வேண்டா. நீரைச் சோதித்த முடிவோடு வரட்டும்.