இரண்டு வருஷப் பூச்சி

நினைத்தாலே முக்தி தரும் ஊர் என்று திருவண்ணாமலையைச் சொல்வார்கள். நான் ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில், நினைத்தவர்கள் முக்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆளுக்கொரு மனையும் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். மனை எந்தத் திசையில் இருந்தாலும் சரி, அங்கிருந்து மலை தெரிய வேண்டும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த கொல்லைகளில் எல்லாம் வெள்ளையடித்த கற்கள் முளைத்தன. எங்கள் பெரியப்பாவும் ஒரு கொல்லையை விற்பதென்று தீர்மானித்தார். கொல்லை பெரியம்மாவுடையது. கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்தது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும் நாங்களும் இருந்தோம். மாடியில் ஒரே ஒரு அறை. மார்கழி தொடங்கி வெயில் ஏறும்வரை அதில் வெள்ளைக்காரர் யாராவது வாடகைக்கு இருப்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் நகர்ந்து போகும் கூட்டத்தைப் பார்த்துப் பெரியப்பா வயிறெரிவார்.

"இத்தினி ஜனம் போவுது. தங்கறதுக்கு எடம் இல்லாம ரோட்டுல படுக்குது. நாம ஒரே ஒரு ரூமை வெச்சிக்கினு வேடிக்கை பாக்கறோம்."

கொல்லையை விற்று, மாடிமேல் மாடி கட்டி, லாட்ஜ் ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். இதை அவர் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க இஷ்டம்ங்க" என்பாள். எதற்குமே அதைத்தான் சொல்வாள். அவள் வேண்டாம் என்று சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மௌனமே சம்மதம் என்றால், இது அதற்கும் ஒரு படி மேல் என்று பெரியப்பா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியம்மாவுக்கு எதைப் பற்றியும் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் மாடியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கொசுவலை, தேய்ந்த செருப்பு, ஒரு குட்டிப் புத்தகம் ஆகியவற்றை விட்டுவிட்டுப் போனார். கொசுவலையை அம்மா எடுத்துக்கொண்டாள். செருப்பு யார் காலுக்கும் சேரவில்லை. புத்தகத்தைப் பெரியம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் இருக்குது, நீ வெச்சிக்கோ" என்று என்னிடம் கொடுத்தாள்.

சட்டைப் பையில் அடங்கிவிடும் புத்தகம். நனைந்தாலும் கெடாத வழுவழுப்பான அட்டை. பின்னட்டையின் ஓரத்தில் ஸ்கேல் போலக் கோடு போட்டிருந்தது. குளத்திலும் குட்டையிலும் இருக்கும் பூச்சி, புழு, நத்தை, பாசி எல்லாவற்றுக்கும் படம். படத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி. எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார வேண்டும். வலையால் மெதுவாக அள்ளி வெள்ளைத் தட்டில் கவிழ்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். என்னிடம் வலை இல்லை, டீ வடிகட்டி இருந்தது. தட்டுக்குப் பதிலாகப் பெரியம்மாவின் வெள்ளை பிளாஸ்டிக் பேசின். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த குட்டையின்மேல் பனிக்கட்டி மூடியிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்லவேளையாகப் பெரியம்மாவின் கொல்லையில், வடகிழக்கு மூலையில், ஒரு குட்டை இருந்தது. சித்திரையில் ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கும். மழைக்காலத்தில் பாதிக் கொல்லையை விழுங்கும். வற்றி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா அதன் ஓரத்தில் பொன்னாங்கண்ணிக் கீரை பறிக்கப் போவாள். டவுன் பஸ்ஸில் போய், கலெக்டர் ஆபீஸில் இறங்கி, வெயிலில் நடக்க வேண்டும். மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்கிற கீரைக்கு இத்தனை பாடா என்று பெரியப்பா கேட்பார். பெரியம்மா சிரித்துவிட்டு விடுவாள். கொல்லைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிடுவாள். வீட்டு வாசலைப் பெருக்கக்கூடச் செருப்புப் போடுகிறவள் அவள்.

புத்தகம் வந்தபிறகு நானும் அவளோடு போக ஆரம்பித்தேன். அதுவரை எனக்குக் குட்டை என்பது தண்ணீரும் சேறும்தான். வடிகட்டியை ஒருதரம் விட்டு எடுத்தால் பேசினில் ஒரு சந்தையே கூடிவிடும் என்று தெரிந்தபோது மற்ற விளையாட்டெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. நத்தைகள் இருந்தன. தண்ணீர்மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சிகள் இருந்தன. மல்லாந்து நீந்துகிற ஒன்று இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது சேற்று நிறத்தில் இருந்த ஆறுகால் பூச்சி ஒன்று. செத்ததுபோல அசையாமல் கிடக்கும். தலைப்பிரட்டை ஏதாவது பக்கத்தில் வந்தால், மோவாய்க்கு அடியில் மடித்துவைத்திருந்த கை போன்ற ஒன்றை நீட்டி லபக்கென்று பிடித்துக்கொள்ளும்.

புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அது தட்டானுடைய குஞ்சு. தண்ணீருக்கு அடியில் சேற்றிலேயே இரண்டு வருஷம் வளருமாம். பிறகு ஒருநாள் செடித் தண்டில் ஏறித் தோலைக் கழற்றிவிட்டுத் தட்டானாகப் பறந்துவிடுமாம். வாலில் நூல் கட்டி நாங்கள் பறக்கவிட்ட தட்டான்களுக்கு இப்படி ஒரு பூர்வ கதை இருப்பதை வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அப்பா "பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பெரியப்பாவுக்குப் பார்ட்டி அமைந்தது. மெட்ராஸ்காரர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வரப்போகும் கார்த்திகை தீபத்தைச் சொந்த மண்ணில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் ஆசை. அடுத்த ஞாயிறு நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கீரை பறித்துக்கொண்டிருந்த பெரியம்மா எழுந்து வந்து, முதல்முறையாக என் பேசினுக்குள் குனிந்து பார்த்தாள்.

"இதுல எது ரொம்ப நாளு தண்ணிக்குள்ளயே இருக்கும்?"

"இதான் பெரிம்மா. ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா? புக்குல அப்படியே போட்டிருக்குதா?"

விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாதவள், ஆனாலும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

"நடுவுல தண்ணி வத்திட்டா?"

"செத்துடும்."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் ஒரு ஜீவனுக்காவது என் புத்தகத்தின் அருமை புரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் பூச்சியைப் பற்றியே விசாரித்தாள். முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டாள். பின்னட்டைக் கோட்டில் வைத்துக் காட்டினேன். பார்ட்டி வருகிற அன்று காலையில் அவளே பேசினைக் கழுவி என் கையில் கொடுத்தாள்.

"வடிகட்டியும் எடுத்துக்கோ. வர்றவரு படிச்சவரு, இங்கிலீஷ் தெரிஞ்சவரு. இந்த ஊர்ல வேற யாருகிட்ட காட்டப்போற?"

நியாயமாகத்தான் பட்டது.

நாலு நாள் மழைக்குப் பிறகு குட்டை நன்றாக அகன்றிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பெரியப்பா மறைக்கவே இல்லை, பூசணிக்காயையே எடுத்துப் பரிமாறினார்.

"பாருங்க சார், கரெக்டா ஈசானிய மூலை. அங்க தண்ணி நின்னா லட்சுமி கடாட்சம்னு வாஸ்துல சொல்றாங்க. தேடினாலும் இந்த மாதிரி மனை கெடைக்காது. மழ கொஞ்சம் ஜாஸ்தி, அதான் நிக்குது. வெயிலடிச்சா ரெண்டு நாள்ல வத்திடும்."

இரண்டு நாளில் வற்றிப்போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளே என்று யாரும் கேட்கவில்லை. மெட்ராஸ்காரரின் மனைவி மேகம் மூடிய மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீபத்தன்று நாற்காலியை எங்கே போடுவது என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரியப்பாவின் முகத்தில் ஒரு மாடி எழும்பிவிட்டது. பெரியம்மா சற்றுத் தள்ளி, வழக்கம்போல வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

நான் கரையில் உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தேன். மெட்ராஸ்காரர் பக்கத்தில் வந்தார்.

"என்ன பாப்பா புடிக்கிற, மீனா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். "இல்ல அங்கிள், தட்டான் குஞ்சு" என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்துப் பின்னட்டைக் கோட்டில் வைத்தேன். "இது ஃபுல் சைஸ் வந்துடுச்சு அங்கிள். ரெண்டு வருஷம் தண்ணிக்குள்ளயே இருந்தாத்தான் இவ்ளோ பெருசாகும்."

அவர் சிரித்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நாலு வரியைப் படித்தார். சிரிப்பு நின்றது. எந்த ஊரில் அச்சடித்தது என்று முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பனிக்கட்டிப் படத்தைத் தாண்டித்தான் அங்கே போயிருக்க வேண்டும். மறுபடியும் நாலு வரிக்கு வந்தார்.

"நடுவுல தண்ணி வத்தினா என்ன ஆகும்?"

"செத்துடும் அங்கிள்."

பெரியப்பா ஓடி வந்தார். "சின்னப் பொண்ணு சார், ஏதோ வெளையாடுது. பூச்சி எங்கிருந்தாவது மழத்தண்ணில அடிச்சிக்கினு வந்திருக்கும்."

"இங்கிலீஷ் புக்குல தெளிவா போட்டிருக்காங்களே" என்ற மெட்ராஸ்காரர், பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இங்க வருஷம் பூரா தண்ணி நிக்குமா?"

பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னாங்க தெரியும்? நான் படிக்காதவ. புக்குல என்னா போட்டிருக்குதோ அதாங்க."

அவர் புத்தகத்தை மூடி, ஏதோ பத்திரம்போல இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். யோசித்துச் சொல்வதாகப் பெரியப்பாவிடம் சொன்னார். கார் கதவைச் சாத்துவதற்குள் அவர் மனைவி, "வீடு கட்டினா செவுரெல்லாம் ஓதம் ஏறிடும்ங்க" என்றது எல்லாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தார். "புக்கு படிக்கிறாளாம் புக்கு! வூட்டைக் கெடுக்கறதுக்கு வெள்ளைக்காரன் ஒருத்தன் குடுத்துட்டுப் போயிட்டான்." எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னதற்கு எதற்குத் திட்டு என்று புரியவில்லை. "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும், வுடுங்க" என்று பெரியம்மா எனக்குத் தட்டில் சோறு போட்டு, நெய்யும் ஊற்றினாள்.

தரகர்கள் வாயில் விழுந்தால் எதுவும் ஊர் சுற்றி வரும். கொல்லைக்குப் 'பூச்சி மனை' என்று பெயராகிவிட்டது. பிறகு வந்த பார்ட்டிகள் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் பூச்சியைக் காட்டச் சொன்னார்கள். பெரியப்பா அலுத்துப்போய், பாங்கில் கடன் வாங்கி ஒரே ஒரு மாடி கட்டினார். "அந்தச் சனியன் புடிச்ச கொல்லை அப்படியே கெடக்கட்டும்" என்று அவர் சொன்னபோதும் பெரியம்மா, "உங்க இஷ்டம்ங்க" என்றாள். இன்றைக்கும் அது அப்படியேதான் கிடக்கிறது. சுற்றிலும் மூன்றடுக்கு வீடுகள் வந்துவிட்டன.

அந்த இரண்டு வருஷக் கணக்கு குளிர்தேசத்துக் குட்டைகளுக்கானது என்பது நான் காலேஜில் விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது. நம் ஊர் வெயிலில் தட்டான் குஞ்சு சில மாதங்களிலேயே, சில சமயம் சில வாரங்களிலேயே வளர்ந்து பறந்துவிடும். அன்றைக்கு நான் பேசினில் காட்டியது எதையும் நிரூபிக்கவில்லை. குட்டை வற்றாது என்பது மட்டும் நிஜம். அதற்குப் பெரியம்மா சித்திரையிலும் பறித்துவந்த கீரையே போதிய சாட்சி. அந்தக் கீரையை ருசித்துச் சாப்பிட்டவர் பெரியப்பா.

கோபம் ஆறியதும் பெரியம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். மறு ஞாயிறு பழையபடி இருவரும் கிளம்பினோம். அன்று வடிகட்டியில் புதிதாக ஒன்று வந்தது. காய்ந்த குச்சிபோல உடம்பு, பின்னால் நீளமாக ஒரு குழல். புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"பெரிம்மா, இது வால்ல மூச்சு வுடுது! வந்து பாரேன்!"

"நல்லாருக்குது. பத்திரமா வுட்டுடு" என்றாள், திரும்பாமலே.

எத்தனை நாள் தண்ணீரில் இருக்கும், எவ்வளவு நீளம் வளரும் என்று எதுவும் கேட்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் கேட்கவில்லை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். கரையோரச் சேற்றில் கணுக்கால் புதைய, மடியில் கீரையோடு, அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பெரியப்பா போட்ட சத்தத்தில் பயந்துபோய்ப் பூச்சி ஆசையை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பாவம், அவளுக்கென்று இருந்த ஒரே ஆசையும் போயிற்றே என்று அவளுக்காக ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். தனக்கு வேண்டிய பூச்சி அவளுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.