வெள்ளைக் கோடி வேண்டாம் என்ற கோமதி அக்கா

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்து உதியன்குளங்கரைச் சந்திப்பில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை. சென்ற மாதம் ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே தொலைபேசி அடித்தது. முதலாளி கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். "கோமதி போயிட்டா மக்கா. விடியக்காலம் நெஞ்சுவலியாக்கும்" என்றார். முந்தின நாள் மாலை என்னோடு நின்று துணி மடித்தவர். பாவி மனுஷி, ஒரு தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இங்கே பக்கத்துப் பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கல்யாணத்தன்று இவ்வூர் முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் புடவை கொடுத்தபோது, தட்டில் கசவு என்ற பொன்சரிகைக் கரை போட்ட வெள்ளைத் துணி இருந்ததாம். அவர்கள் ஊரில் வெள்ளை என்றால் தாலி இழந்தவள் கட்டுவது. அக்காவின் அம்மா தட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "தாலி கட்டுமுன்னயே எம்மவளுக்கு வெள்ளையக் குடுக்கீயளே, வெளங்குவீயளா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். பிறகு யார் யாரோ சமாதானம் சொல்லி, அதையே கட்டிக்கொண்டு அக்கா மணையில் உட்கார்ந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

கடையில் கலர்ச் சேலைப் பக்கம் முழுவதும் அவருடையது. வெளிர் நிறம் கேட்டு வந்தவர்களைக்கூட, "சேச்சி, இந்த அரக்கைக் கட்டிப் பாருங்க, வீட்டுக்காரருக்கு அடையாளமே தெரியாது" என்று மடக்கிவிடுவார். புகுந்த வீட்டில் அவர் பெயர் பாண்டிச்சி; தமிழ்நாட்டுப் பெண்ணை இங்கே ஏளனமாகச் சொல்வது அப்படித்தான். தலையில் பூ வைத்தால் நாத்தனார் தங்கம்மை வாய்பொத்திச் சிரிப்பாள். இவ்வூர்ப் பழக்கத்தில் குளித்து ஈரத்தலையை விரித்துவிட்டபடி பிறந்த ஊருக்குப் போனால், "மலையாளத்தா மாதிரி என்னட்டி இது கோலம்?" என்று அங்கே ஏச்சு. "ரெண்டு ஊருக்கும் நடுவுல எனக்குன்னு ஒரு தலை இல்லாமப் போச்சு" என்பார்.

மாமியார் இறந்து வெள்ளைக் கோடியில் பொதிந்து எரித்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, எம்புருஷனுக்கு முந்தி நான் போயிட்டா, எங்க ஊர் மாதிரி செவப்புச் சேலை கட்டி, பொட்டு வச்சு அனுப்பணும். தாலி கட்டும்போதுதான் வெள்ளை. போகும்போதாவது கலர்ல போறேனே. அவருகிட்டயும் சொல்லிட்டேன்." வாழ்நாளில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இவ்வூர் வழக்கப்படி வீட்டின் தெற்குப் பக்கத்திலேயே சிதைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறந்த வீட்டுச் சிவப்புச் சேலையோடு அக்காவின் அண்ணன்மார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சவத்த வெச்சோண்டு பஸ்ஸுக்குக் காத்து நிக்கவா?" என்றாள் தங்கம்மை. "இவிடத்துக்குன்னு ஒரு முறை உண்டு. பாண்டிக்கோலம் ஒண்ணும் இங்க வேண்டா."

"மாதவண்ணா, அக்கா உங்ககிட்டயும் சொன்னதல்லியா?" என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன். அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டவளை விட்டுவிட்டு விறகடுக்கும் பக்கம் போய்விட்டார் அந்த மனுஷன்.

வெள்ளையில்தான் பொதிந்தார்கள். அண்ணன்மார் வந்து சேர்ந்தபோது தீ பாதி இறங்கியிருந்தது. "மூஞ்சியக்கூடக் காட்டலியே" என்றார் மூத்த அண்ணன். சேலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

இந்த வாரம் தங்கம்மை கடைக்கு வந்தாள், மகளோடு. "ஆவணியில இவளுக்குக் கல்யாணம் மக்கா. நல்ல செவப்பாட்டு ஒரு காஞ்சிப் பட்டு எடு."

"கசவு வேண்டாமா? முறை உண்டே?" என்றேன்.

"அதொக்க இப்ப ஆருக்கு வேணும்? இப்ப எல்லாவளும் பட்டாக்கும் கட்டுறது."

எடுத்து விரித்தேன். சம்பளம் வாங்குகிறவள், விரிக்காமல் என்ன செய்வது? மகளின் தோளில் போட்டு அழகு பார்த்தாள் தங்கம்மை.

அக்காவோடு பழகியவர்களே, அவருடைய சிரிப்பையும் கிண்டலையும் நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இந்த ஊரில் ஒரு நாளும் காட்டாத கோபம் என்னிடம் இருக்கிறது. நான் காட்டுவேன்.