வயிற்று வலிக்கு நேர்ந்த மாவிளக்கு

கோலார் தங்கச் சுரங்கம் மூடிய வருஷம் அது. ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலுக்கு நாலு கடை தள்ளி, நகராட்சிக் கட்டடம் ஒன்று காலியாக இருந்தது. அதைப் பிராந்திக் கடைக்கு விடப்போவதாகப் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் அதே அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர். வேலை போனபின் காலையும் மாலையும் அவருக்குக் கோயில்தான் போக்கிடம். போகிற வழியில் அந்தக் கடை வந்தால் எத்தனை நாள் தாங்குவார் என்பது எனக்குத்தான் தெரியும்.

பெண்களாகச் சேர்ந்து எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனோம். "கூட்டத்துல கடை வேணாம்னுதான் நான் கை தூக்குவேன்க்கா" என்றார்.

நகராட்சிக் கூட்டத்தில் கடைக்கு ஓட்டெடுப்பு நடக்கும் நாள் காலையில், கவுன்சிலருக்கு வயிற்று வலி, எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னான். நம்பினேன். கோயிலுக்கு ஓடி, "தாயே, வலியை எடுத்துவிடு, ஆடியில் அவர் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். விபூதியும் மோர்க்கஞ்சியும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு.

எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "வயித்து வலியா? காலையிலயே பட்டு வேட்டி கட்டிக்கினு கோலாருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரே."

அன்று அவரைப்போலக் கவுன்சிலர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆடி கழிந்து பார்க்கலாம் என்று ஓட்டெடுப்பு தள்ளிப்போனது. வலி பொய்யாக இருக்கலாம். அம்மனுக்கு நேர்ந்தது பொய்யாகுமா?

ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று முதல் மரியாதைக்குக் கவுன்சிலர் வந்தார். மாலை போடும் முன்பே மாவிளக்குத் தட்டோடு எதிரில் போய் நின்றேன்.

"படுங்கண்ணா."

"இன்னாக்கா இது?"

"உங்க வயித்து வலிக்கு நேர்ந்தது. வயித்து மேல வெச்சு ஏத்தணும்."

"அது அன்னிக்கே சரியாப் போச்சுக்கா."

"சரியாப் போனதுக்குத்தான் ஏத்தறது. வலியே வரலைன்னா அதையும் அம்மாகிட்டயே சொல்லிடுங்க."

பின்னாலிருந்து ஒருத்தி, "பட்டு வேட்டி அழுக்காயிடும்னு பாக்கறாரு" என்றாள். கூட்டம் சிரித்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பெங்களூர்ல எம்.எல்.ஏ.ங்களே இந்த மாதிரி ஓட்டு வந்தா எழுந்து வெளிய போயிடறாங்க. என்னை மட்டும் இன்னாத்துக்குக்கா புடிச்சிக்கினு?"

"அவங்களுக்கு நான் நேர்ந்துக்கலியே" என்றேன்.

பூசாரி பாயை விரித்துவிட்டார். கவுன்சிலர் படுத்தார். வயிற்றில் வாழையிலை போட்டு, அதன்மேல் மாவிளக்கை வைத்து ஏற்றினேன். நெய் தீரும்வரை அசையக் கூடாது. ஊரே சுற்றி நின்று பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்: "அடுத்த கூட்டத்தன்னிக்கும் வலி வந்தா சொல்லி அனுப்புங்கண்ணா. மாவு இடிச்சு வெக்கறேன்."

இடித்தும் வைத்தேன். கூட்டத்தன்று நகராட்சி வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றோம். என் கையில் மாவுத் தூக்கு. அவர் வந்தார்; தூக்கைப் பார்த்தார்; உள்ளே போனார். கடைக்கு எதிராகக் கை தூக்கினார் என்று சேவகர் வெளியே வந்து சொன்னார். கட்டடம் பிராந்திக் கடைக்குப் போகவில்லை.

அந்த மாவில் அன்று சாயங்காலம் அம்மனுக்கு விளக்கு வைத்தோம். நெய் ஊற்றியவர் என் வீட்டுக்காரர்.