பதினோரு நாடுகளுக்குப் போன புகை

சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பட்டாசு ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். அப்பளத்தைக் கடிக்கப் போகிறவர்போல் செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக் கத்திப் பேசினார்.

“பதினோரு நாட்டுல நம்ம ஆளுக இருக்காக. உலகம் எம்புட்டுச் சுருங்கிருச்சு, பாத்தீகளா?” என்றார் என்னிடம்.

நாரணாபுரம் பக்கம் புகை எழுந்தது. முன் இருக்கைப் பெண் பதறித் திரும்பினாள்.

“அண்ணாச்சி, எம்மக அங்கன பட்டாசு கம்பெனியில இருக்கா. என் போன்ல சார்ஜ் இல்ல. ஒரு போன் போட்டுத் தாங்க.”

“இரும்மா, துபாய் லைன்ல இருக்கு” என்றவர், புகையைப் படமெடுத்து, வெடிவிபத்து என்று எல்லா நாட்டுக்கும் அனுப்பினார்.

நான் என் போனைக் கொடுத்தேன். மகளே எடுத்தாள்; எரிந்தது வெறும் குப்பைதான் என்றாள். தாய் அழுதேவிட்டாள்.

“அனுப்பினதை அழிச்சிருங்க” என்றேன்.

“ஒன்பது நாட்டுல பாத்துட்டாக சார். மிச்ச ரெண்டும் பாக்கட்டும்.”

அந்தத் தாயை அவர் எந்தக் கணக்கில் வைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.