தோய்க்காத பாதிச் சேலை

யோகா அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய கணவர் தர்மன் அண்ணை தொலைபேசியில் சொன்ன அன்று, நான் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. காலை பத்து மணி இருக்கும். அக்காவும் நானும் வேலை செய்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையின் பின் கதவருகே நின்றுதான் அவருடன் பேசினேன். அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்றி மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தார்; கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். "அவ போயிட்டா, பிள்ளை," என்றார் அண்ணை. பிறகு அவர், "அந்த நாய்க்குட்டி வைச்சிருக்கிற மனிசிக்கு ஒருக்கால் எடுத்துச் சொல்லிவிடும், குட்டி வேண்டாமெண்டு," என்றார். நான் "ஓம் அண்ணை" என்றேன்.

சொல்லாமல் விட்டது இதுதான். மூன்று கிழமைக்கு முன்பு, அதே குட்டியை முதல் ஒரு மாதம் என்னிடம் வைத்திருக்க ஏலுமா என்று அக்கா கேட்டிருந்தார். வாடகை வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவேயில்லை.

முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு எழுதித் தரும்படி அண்ணை கேட்டபோது என்னால் ஒரு பந்தி கூட எழுத முடியவில்லை. அதனால் இந்த ஆண்டு நினைவு மலருக்கு எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களுக்கு அக்காவைக் கோயிலிலும் கொண்டாட்ட வீடுகளிலும் தெரிந்திருக்கும். எனக்கு அவரை லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் உள்ள ஒரு பட்டறையில், வெள்ளை மேலங்கியோடுதான் தெரியும். அவர் வில்லைகளைப் பிரேமுக்கு அளவாக வெட்டுவார். நான் அவற்றைப் பரிசோதிப்பேன். ஆறு வருடத்தில் அவருடைய தட்டிலிருந்து நான் திருப்பி அனுப்பியவை மிகச் சில. திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்கமாட்டார். வில்லையை வெளிச்சத்தில் பிடித்துத் தானே கண்டுபிடித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்.

அவர் இருபது வயதில் போருக்குத் தப்பி அகதியாக டென்மார்க் போனவர். அங்கே ஒரு பண்ணை வீட்டைத் துப்புரவு செய்யப் போன இடத்தில் நாய்களோடு பழகினார். அந்த வீட்டு நாய்கள் துவக்குக்காரர்களோடு வயலுக்குப் போய், சுடப்பட்டு விழுந்த பறவைகளைத் தேடி எடுத்து வருபவை. லண்டனுக்கு வந்த பிறகு அக்காவும் அப்படி ஒரு கறுப்பு லாப்ரடோரைப் பழக்கி, குளிர்காலச் சனிக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே சரே பக்கத்து வேட்டைகளுக்குக் காரில் கொண்டுபோனார். நாள் முடிவில் உதவிக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பறவைகள் கொடுப்பார்கள். அக்கா முழுச் சைவம். திங்கட்கிழமை அந்தப் பறவைகள் எங்கள் மேலாளருக்குப் போகும்.

அடுத்த மெஷினில் நின்ற செல்வன் ஒருநாள் சீண்டினான். வீட்டுக்காரி சைவம், நாய் அசைவம், ஒரு வீட்டுக்குள் எப்படிச் சரிவருகிறது என்று கேட்டான். அக்கா கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "அது தின்னாது தம்பி. வாயிலை வைச்சுக் கொண்டுவந்து குடுக்கும். நீர் ஒரு மிக்சர் பைக்கற்றை வாயிலை வைச்சு, பிரிக்காமல் கன்ரீனிலையிருந்து இஞ்சை கொண்டுவாரும் பாப்பம்." செல்வன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அந்த நாய் முதுமையில் இறந்தது. இரண்டு வருடம் கழித்து, நல்ல வேலை நாய்களின் வழியில் வரும் ஒரு பெட்டைக் குட்டிக்குப் பெயர் பதிந்தார். குட்டிகள் பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பே ஆயத்தங்கள் தொடங்கிவிட்டன. அக்கா டேனிஷ் சரளமாக வாசிப்பார், ஆங்கிலம் மெதுவாகத்தான். நான் எது கிடைத்தாலும் வாசிக்கிறவள். எனவே மதிய இடைவேளைகளில் நாய்ப் பயிற்சி நூல்களை அவருக்கு உரத்து வாசித்து, தமிழில் சொன்னேன். ஒரு நூல் சொல்வதை அடுத்த நூல் மறுக்கும். அக்காவுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. "எழுதினவருக்கு ஒரு நாய். எனக்கு வேறை நாய்," என்பார். இப்படி, ஒரு நாயையும் தொட்டுப் பழகாமலே வேட்டை நாய்ப் பயிற்சியில் ஒரு அலுமாரி அளவு நான் படித்து முடித்தேன்.

அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் நான்கு சொற்கள்: வா, இரு, பொறு, தா. வீட்டில் யாரும் இவற்றைத் தவிர வேறு சொல்லால் குட்டியை ஏவக்கூடாது என்பது விதி. இது தர்மன் அண்ணைக்காக எழுதப்பட்டது. பழைய நாயிடம் அவர் "இரு, இரு, இரன் ராசா, இருடா" என்று கெஞ்சுவாராம். நாலாவதுக்குத்தான் அது உட்காருமாம். "நாலாந்தரம்தான் இருக்கவேணும் எண்டு அது இவரிட்டைப் படிச்சிட்டுது," என்று அக்கா சொல்ல, அண்ணை பக்கத்தில் நின்று சிரித்தார். "ஒருக்கால் சொல்லும். பிறகு பொறுத்திரும்." இது அக்கா நாய்க்காகச் சொன்னது. ஆனால் மனிதர்களிடமும் அவர் அப்படித்தான் இருந்தார்.

இன்னொரு விதியும் உண்டு. குட்டி வாயில் எதைக் கொண்டு வந்தாலும், அது அண்ணையின் புதுச் சப்பாத்தாக இருந்தாலும், பறிக்கக்கூடாது. குந்தியிருந்து கையை விரித்துக் காத்திருக்க வேண்டும். பறித்தால் அடுத்த முறை அது ஒளித்துக்கொண்டு ஓடும். "கொண்டு வாறதைப் பறிச்சால், பிறகு ஒண்டும் கொண்டு வராது," என்றார்.

வெடிச் சத்தத்துக்குப் பழக்குவது பற்றிய அத்தியாயத்தை வாசித்த நாள் நினைவிருக்கிறது. குட்டி சாப்பிடும்போது வீட்டின் மறு கோடியில் ஒரு சட்டி மூடியைப் போட வேண்டும். பிறகு கொஞ்சம் கிட்ட. மாதங்கள் போன பிறகு வயலில், மூன்று வேலிகளுக்கு அப்பால் ஒரு துவக்கு. குட்டி திடுக்கிட்டால் மறுபடியும் தூரத்துக்குப் போக வேண்டும். இதை நான் சொல்லி முடித்ததும் அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "எங்களுக்கு ஒருத்தரும் தூரத்திலையிருந்து தொடங்கேல்லை," என்றார். பிறகு மணி பார்த்துவிட்டு வேலைக்கு எழும்பினார்.

சத்திரசிகிச்சைக்கான கடிதம் வந்தபோது குட்டிகள் பிறந்து நான்கு கிழமை. எட்டாம் கிழமை குட்டியை எடுக்க வேண்டும். அக்காவோ அப்போது ஒரு தேநீர்க் கேத்திலைக் கூடத் தூக்கக் கூடாத நிலையில் இருப்பார். இரண்டில் எதைத் தள்ளிப் போடுவீர்கள் என்று கேட்டேன். "நெஞ்சைத் தள்ளலாமெண்டால் தள்ளியிருப்பன்," என்றார். அதற்குப் பிறகுதான் கேட்டார்: "முதல் ஒரு மாதம் நீர் வைச்சிருப்பீரோ? இவருக்குத் தனியக் குட்டி பாக்கத் தெரியாது. நீர் எல்லாம் வாசிச்சனீர்தானே."

கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் கீழ்த் தளத்தில், பின்வளவு உள்ள ஒரு அறையில் இருக்கிறேன். என் அறைக்குள் யாரும் வருவதில்லை. அப்படி இருப்பதை நான் விரும்பினேன். எனவே வீட்டுக்காரரைச் சாட்டினேன். அக்கா மறுபடி கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த கிழமையும் இல்லை. ஒருதரம் கேட்டார், பிறகு பொறுத்திருந்தார். குட்டிகளைப் பார்க்கப் போனபோது, தன் பழைய நீலப் பருத்திச் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு கிழமை தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்துவிட்டு, ஒரு பாதியைத் தாய் நாயின் படுக்கைக்குள் போட்டுவிட்டு வந்தார். மற்றப் பாதியைக் குட்டிக்கு வாங்கிய கூட்டுக்குள் விரித்தார். யாரிடம் வளர்ந்தாலும் இந்த வீட்டு மணம் அதற்குத் தெரிந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு.

கிரியைகள் முடிந்த மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணையின் தமக்கை பரமேஸ் அக்கா ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்து நின்றார். செத்தவீட்டைக் கழுவுவது வழமை. அவர் அதை முழுதாகச் செய்திருந்தார். பின்வளவில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, அக்காவின் சேலைகள், இரவுடைகள், தலையணை உறைகள், வயலுக்குப் போடும் பச்சை ஜாக்கெட் எல்லாம் காய்ந்தன. கூட்டுக்குள் விரித்த பாதிச் சேலையும் காய்ந்தது. அண்ணை ஒரு தலையணை உறையை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு பழையபடி கயிற்றில் போட்டார். வளவெல்லாம் சவுக்காரத் தூள் மணம்.

குட்டிப் பேச்சை எடுத்தது பரமேஸ் அக்காதான். முப்பத்தொன்று கழியாமல் வீட்டுக்குள் புதிதாக ஓர் உயிர் வரக்கூடாது என்றார். அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதைக் கேட்கவும் மனம் வரவில்லை. குட்டிக்காரருக்கு நான் இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

"முப்பத்தொண்டு முடியுமட்டும் நான் வைச்சிருக்கிறன். எனக்குச் செத்தவீட்டுத் துடக்கில்லைத்தானே," என்றேன்.

பரமேஸ் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ நாய் வளத்தனியோ?"

"இல்லை. வாசிச்சிருக்கிறன்."

"வாசிச்சிருக்கிறாளாம்," என்று அண்ணையிடம் திரும்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அந்தக் கிழமை நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டுக்காரரைக் கேட்டேன். குரைக்காமல் பார்த்தால் சரி என்றார். இரண்டு நிமிடம் கூட எடுக்கவில்லை.

நாலு நாள் கழித்து ரெயிலில் போய்க் குட்டியை எடுத்தேன். குட்டிகளை வளர்த்த ஆங்கிலேயப் பெண்மணி வயதானவர். அக்காவைப் பற்றிக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நீலத் துணியைப் படுக்கையிலிருந்து எடுத்து, இதைத் தோய்த்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மாதத்தில் யோசிக்காமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

பத்தொன்பது நாள் குட்டி என்னோடு இருந்தது. நூல்கள் சொல்லாதவை நிறைய இருந்தன. நான் இருந்து வாசிக்கும் கதிரையின் காலைக் கடித்தது. ஒரு நூலின் முதுகையும் கடித்தது. சட்டி மூடியை நான் வளவின் மறு கோடியில் போட, மேல் வீட்டுப் பிள்ளைதான் திடுக்கிட்டது. குட்டி தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான்கு சொற்களையும் தமிழிலேயே சொன்னேன். யார் கதவைத் தட்டினாலும் அது நீலத் துணியைக் கவ்விக்கொண்டு ஓடி வரும். இது இந்த வகை நாய்களின் இயல்பு. எதையாவது வாயில் வைத்துக்கொண்டுதான் ஆட்களை வரவேற்கும்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த மறுநாள் தர்மன் அண்ணை காரில் வந்தார். கதவைத் திறந்தேன். குட்டி துணியை இழுத்துக்கொண்டு அவரிடம் போனது. அண்ணை சேலைக் கரையைக் கண்டுவிட்டார். அது எனக்குத் தெரிந்தது. கை நீண்டது, பிறகு நின்றது. அவர் மெல்லக் குந்தியிருந்து, உள்ளங்கையை விரித்து, "தா," என்றார். ஒருதரம்தான் சொன்னார். குட்டி அவரையும் என்னையும் பார்த்தது. வெகுநேரம் எடுத்தது. பிறகு துணியை அவர் கையில் விட்டது.

அவர் அதை முகத்துக்குக் கொண்டுபோனார். "இது இப்ப நாய்தான் மணக்குது," என்றார்.

"ஓம் அண்ணை. ஆனால் தோய்க்கேல்லை."

அப்போதுதான் அன்று சொல்லாததைச் சொன்னேன். அக்கா என்னைக் கேட்டதையும், வீட்டுக்காரரைச் சாட்டி நான் மறுமொழி சொல்லாமல் விட்டதையும்.

அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீர் ஓமெண்டு சொன்னதெண்டெல்லோ அவ எனக்குச் சொன்னவ," என்றார். "அவவும் இல்லை, உமக்கு ஏன் அந்தக் கரைச்சல் எண்டுதான் வேண்டாமெண்டு சொல்லச் சொன்னனான்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்ட பொருள் ஒன்றும் இல்லை. நாயைக் கூப்பிட அவர் ஊதும் விசில் அண்ணையிடம் இருக்கிறது. நான்கு சொற்கள் எழுதிய தாள் இன்னும் குளிர்ப்பெட்டியில்தான். என்னிடம் இருப்பது, நான் சொல்லாத ஓமைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பது மட்டும்தான். இப்போது யாராவது என்னிடம் ஒன்று கேட்டால், அன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

நாய்க்கு இப்போது பதின்மூன்று மாதம். சனிக்கிழமைகளில் அண்ணை அதைப் பயிற்சி வயலுக்குக் கொண்டுபோகிறார். போன மாதம் முதல் வெடி வைத்தார்கள், மூன்று வேலிகளுக்கு அப்பால். நாய் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புல்லை மணக்கப் போனது. பாதிச் சேலை அதன் கூட்டுக்குள் இருக்கிறது. பரமேஸ் அக்கா வரும்போதெல்லாம் அதைத் தோய்க்கக் கேட்கிறார். அண்ணை இன்னும் கொடுக்கவில்லை.